கடைசி பெஞ்சில் அமரும் அதிகாரி

தமிழ்நாட்டில் 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. மாணவர்கள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கப்பட்டார்கள். வட்டார வளமையப் பயிற்றுநர்கள் வகுப்பில் அமர்ந்து பாடத்தைக் கவனித்து, கைப்பேசிச் செயலியில் பதிவு செய்கிறார்கள். கவனிப்பது தவறே இல்லை. தன் வகுப்பைத் தானே முழுமையாகப் பார்க்க எந்த ஆசிரியராலும் முடியாது. ஆனால், பதிவேற்றியதும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் கோளாறு.

அமெரிக்காவில் 2009 முதல் கேட்ஸ் அறக்கட்டளை நடத்திய பெரிய ஆய்வு, ஒருவர் வகுப்பை ஒருமுறை பார்த்து ஆசிரியருக்குப் போடும் மதிப்பெண்ணை நம்ப முடியாது, ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் பலமுறை பார்க்க வேண்டும் என்றது. ஒன்றாம் வகுப்பில் பாதிப் பேர் காய்ச்சலில் படுத்திருக்கும் நாளில் வந்து பார்த்தால், மதிப்பெண் யாருக்கு? காய்ச்சலுக்கா, டீச்சருக்கா?

பாடம் முடிந்ததும் பயிற்றுநரும் ஆசிரியரும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவதைக் கட்டாயமாக்குங்கள். முதலில் ஆசிரியர் பேசட்டும். அவருடைய விளக்கமும் அதே பதிவில் ஏறட்டும். அடுத்த வருகையில், அன்று பேசி முடிவெடுத்தது நடந்ததா என்பதிலிருந்து தொடங்கட்டும். உதவ வருபவரிடமே தண்டிக்கும் அதிகாரத்தையும் கொடுத்தால், ஆசிரியர் தன் குறையைச் சொல்ல மாட்டார். நன்றாக ஒத்திகை பார்த்த பாடத்தைத்தான் நடத்திக் காட்டுவார்.