ஐந்தாமவர் ஏன் சீக்கிரம் கிளம்புகிறார்?

சிங்கப்பூரில் 21 முதல் 34 வயதுக்கு உட்பட்டவர்களே ஆக அதிகமாகத் தனிமையை உணர்கிறார்கள் என்று கொள்கை ஆய்வுக் கழகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு கூறியது. (எனக்கு வயது 20. அடுத்த ஆண்டு நானும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவேன்.) இந்தப் பேச்சு வந்தாலே பெரியவர்கள் கைப்பேசியைக் குற்றம் சொல்கிறார்கள். எனக்கோ பல்கலைக்கழகத் திட்டப்பணிக் குழுக்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

குழுவில் ஐந்து பேர். நால்வருக்கு மாண்டரின் தெரியும். வேலைப் பேச்சு ஆங்கிலத்தில் ஓடும், நகைச்சுவை மட்டும் மாண்டரினுக்குத் தாவும். நால்வர் சிரிப்பார்கள், ஐந்தாமவர் அரை நொடி கழித்துப் புன்னகைப்பார். யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. கேட்டால் மொழிபெயர்த்தும் சொல்வார்கள். மொழிபெயர்த்த நகைச்சுவைக்கு யார் சிரித்திருக்கிறார்கள்?

இவ்வளவு சிறிய விஷயம் வலிக்குமா? உளவியலாளர் கிப்லிங் வில்லியம்ஸ் ஒருமுறை பூங்காவில் இருந்தபோது, ஃபிரிஸ்பீ தட்டு ஒன்று அவர் பக்கம் வந்து விழுந்தது. திருப்பி வீசினார். விளையாடிய இருவரும் சிறிது நேரம் அவரையும் சேர்த்துக்கொண்டு, பிறகு நிறுத்திவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள்தான், ஆனாலும் அவர் மனம் வாடியது. அதையே பின்னர் ‘சைபர்பால்’ என்ற கணினிச் சோதனையாக மாற்றினார். சில நிமிடங்கள் பந்து வராமல் போனாலே பங்கேற்றவர்களின் மனநிலை சரிந்தது. எதிரில் ஆடுவது வெறும் கணினிதான் என்று சொல்லப்பட்டவர்களுக்கும் அப்படியே என்று 2004ல் வெளியான ஆய்வு காட்டியது.

அடுத்து நடப்பதுதான் சிக்கல். ஒதுக்கப்பட்டதாக உணர்பவர், தெளிவில்லாத செயலையும் பகையாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். டெலிகிராமில் பதில் தாமதமானால் வேண்டுமென்றே என்று தோன்றும். சந்திப்பு முடிந்ததும் “சாப்பிடப் போகலாமா?” என்று யாராவது கேட்பதற்குள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ‘நம்மோடு சேரப் பிடிக்கவில்லை போல’ என்று மற்றவர்களும் அடுத்த முறை கேட்பதில்லை.

இதை இனப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பதை நான் ஏற்கவில்லை. தமிழ் மாணவர்கள் கூடும் மேசையில், வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்த ஒருவர் தமிழில் வாய் திறந்தால் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பு எழுகிறது. நட்பான சிரிப்புதான் என்பார்கள். அவர் அடுத்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் முடித்துக்கொள்கிறார். ‘இளையர்களுக்குத் தமிழில் ஆர்வமில்லை’ என்று மேடையில் சொல்லும்போது அவரையும் சேர்த்தே சொல்கிறோம்.

விரிவுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். “குழுக்களை நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். பெயர்களை நீங்களே பிரித்துப் போடுங்கள். எஞ்சிய ஒருவரை எந்தக் குழு சேர்த்துக்கொள்ளும் என்று வகுப்பே திரும்பிப் பார்க்கும் அந்த நிமிடமாவது இல்லாமல் போகும்.