பட்டியல் போதாது, கோடும் போடுங்கள்

வியாபார சகோதரர்களே, வேலைகளைப் பட்டியல் போடாத வியாபாரி நம்மில் இல்லை. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி இருக்கும். செய்யவேண்டியவை ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். முடிந்ததை வெட்டிவிடுவோம். ஆனால் எந்த வேலை எந்த வேலைக்காகக் காத்துக்கிடக்கிறது என்பதை அந்தக் கொப்பி சொல்லாது. இதற்கு நான் விலை கொடுத்தது அறுகம்பேயில்.

அங்கே சீசன் ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஒக்டோபரோடு அடங்கிவிடும். அதற்குள் கதவு திறக்காத விடுதிக்கு அந்த வருடம் போனது போனதுதான். எனக்குப் பழக்கமான ஒருவர் உல்லையில் ஆறு அறைகளோடு ஒரு விடுதி கட்டினார். ஹாட்வெயார் சாமான் எல்லாம் கல்முனையிலுள்ள என் கடையிலிருந்து போனது. மார்ச் மாதம் பட்டியலில் பாதிக்குமேல் வெட்டுப்பட்டிருந்தது. ஆனால் மூன்று வாரமாக வேலை நகரவில்லை.

மேசன் பாஸிடம் கேட்டேன். "தாங்கி எத்தனை லீற்றர் என்று தெரியாமல் கொங்கிரீட் தட்டு எப்படிப் போடுவது?" என்றார். விடுதிக்காரரைக் கேட்டேன். "காக்கா விலை சொன்னால்தானே எந்தத் தாங்கி என்று நான் முடிவெடுக்கலாம்" என்றார். நானோ, தட்டின் அளவு வரட்டும், அதற்கேற்ற தாங்கிக்கு விலை போடுவோம் என்று கடையில் இருந்தேன். மூவரும் சோம்பேறிகள் அல்லர். ஆளுக்காள் காத்திருந்தோம், அவ்வளவுதான்.

கொழும்பில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை செய்யும் என் மருமகன் அப்போது ஊருக்கு வந்திருந்தார். கணனி நிரல்களில் வரும் பிழைகளையும் முடியாத வேலைகளையும் பதிந்து பின்தொடர்வதற்கென்றே மென்பொருட்கள் உண்டு. ஜிரா பல நிறுவனங்களில் பாவனையில் இருக்கிறது. பக்சில்லா, ரெட்மைன் ஆகியவை இலவசம். பக்சில்லா 1998இல் மொசில்லா திட்டத்தில் பிறந்தது. இவற்றில் ஒவ்வொரு வேலையும் ஒரு சீட்டு. 'இது முடியாமல் அது தொடங்காது' என்று இரண்டு சீட்டுகளை இணைத்துவிட்டால் அதைப் படமாகவும் பார்க்கலாம். எண்ணம் பழையது. 1950களின் பிற்பகுதியிலேயே அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்கு இப்படிப் படம் போட்டு வேலை பார்த்தது.

விடுதியின் நாற்பது வேலைகளையும் மருமகன் பக்சில்லாவில் பதிந்தார். தட்டு தாங்கிக்காக, தாங்கி விலைக்காக என்று இணைத்துவிட்டு, விலை தட்டுக்காக என்று மூன்றாவது இணைப்பைக் கொடுத்ததும் அது ஏற்க மறுத்தது. "வட்டம் விழுகிறது மாமா, இதில் தொடக்கமே இல்லை" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. உடனே விடுதிக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். 1000 லீற்றர் தாங்கி இரண்டு என்று ஐந்து நிமிடத்தில் முடிவானது. மூன்று வாரம் முடங்கியது இந்த ஐந்து நிமிடத்துக்காக.

அதன்பின் வந்த முழுப்படம் சிக்குப்பட்ட வலைபோல இருந்தது. "கணனி தானாகத் தருவது இப்படித்தான் இருக்கும், நமக்கேற்றபடி வெட்டித் தைக்கவேண்டும்" என்றார் மருமகன். முடிந்த வேலைகளை மறைத்தார். எத்தனை படி வரை காட்டவேண்டும் என்று மட்டுப்படுத்தினார். படத்தை இடமிருந்து வலமாக ஓடவிட்டார். பிறகு நான் போட்ட இணைப்புகளைச் சலித்தார். கட்டில் வாங்கியபின்தான் பெயர்ப்பலகை என்று கொடுத்திருந்தேன். அது என் பழக்கமே தவிர தடை அல்ல. அப்படியானவை எல்லாம் போயின.

எஞ்சியவை ஏழு பெட்டிகள். அச்செடுத்து, பொறுப்பானவர் வாரியாக நிறம் தீட்டினோம். மூன்று பெட்டிகள் என் கடையின் நிறத்தில் இருந்தன. அதுவரை தாமதத்துக்கு மேசனைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

எல்லோருக்கும் ஒரே படத்தைக் காட்டவும் கூடாது. மேசனுக்கு அவருடைய அடுத்த இரண்டு வேலைகள் போதும். பணம் போட்டவருக்குத் திறப்பு நாளைத் தள்ளிப்போடும் பெட்டிகள் மட்டும் தெரிந்தால் போதும்.

சிலவேளை மறிக்கும் பெட்டி கட்டிடத்துக்கு வெளியே இருக்கும். அறுகம்பேயில் கடலிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதென்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி முதல் கல்லுக்கு முன்னால் வரவேண்டும். இதைவிடப் பெரிய பாடம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2004 சுனாமியில் வீடிழந்தோருக்காக அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நிதியுதவியோடு 500 வீடுகள் கட்டப்பட்டன. சுவர் எழும்பியது, கூரையும் போட்டாயிற்று. யாருக்கு எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வி உயர் நீதிமன்றம் வரை போனது. குடியிருக்க ஆளில்லாமல் அவ்வீடுகள் ஆண்டுக்கணக்கில் பற்றை மண்டிக் கிடந்தன. யார் சரி, யார் பிழை என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. கட்டும் வேலைக்குப் பட்டியல் இருந்திருக்கும். கையளிப்பு என்ற கடைசிப் பெட்டியை எது மறிக்கும் என்பதை அத்திவாரத்துக்கு முன்பே தீர்த்திருக்கவேண்டும் என்பதே என் கருத்து.

இதற்கெல்லாம் கணனி வேண்டுமா என்று கேட்பீர்கள். பத்து வேலைக்குச் சாமான் பெட்டியின் அட்டையும் ஒரு பேனையும் போதும். ஒரே நேரத்தில் நாலைந்து ஓடர் பார்ப்பவர்கள் படித்த பிள்ளையொன்றைப் பக்கத்தில் வைத்து அந்த இலவச மென்பொருட்களில் ஒன்றைப் பழகிக்கொள்ளட்டும்.

கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கும்படி சொன்ன மார்க்கம் நமது. பணக்கடனை எழுதுகிறோம். நமது ஒரு வார்த்தைக்காக, ஒரு விலைக்காக அடுத்தவர் காத்திருக்கும் நாட்களை எந்தக் கொப்பியிலும் எழுதுவதில்லை. அவருக்கு நட்டம் வந்தால் அதில் நமக்கும் பங்குண்டு. இன்றிரவு கடை மூடுமுன் கொப்பியைத் திறந்து, ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்று எழுதிப்பாருங்கள். உங்கள் பெயர் எத்தனை தடவை வருகிறதென்று எண்ணுங்கள். நாளைக் காலை முதல் வேலையாக அவர்களுக்குப் பதில் சொல்லுங்கள்.