கேட்டவருக்குத் திரும்பிய பணம்

நெல் விற்கப் போன ஒவ்வொரு கமக்காரருக்கும் இது தெரியும். தராசில் ஏறும் நிறை ஒன்று, கையில் வரும் காசுக்குரிய நிறை வேறொன்று. சாக்குக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு என்று வியாபாரி வெட்டிக்கொண்டே போவார். ஏன் இவ்வளவு என்று கேட்டால், “எல்லா இடத்திலும் இதுதான்” என்ற பதில் வரும். வங்கியிலும் இத்தகைய கழிவு உண்டு. அங்கே அதற்குப் பெயர் கட்டணம். கணக்குப் புத்தகத்தில் அது ஒற்றை வரியாகப் பதிந்திருக்கும். நாம் பெரும்பாலும் அந்த வரியை வாசிப்பதில்லை.

இங்கிலாந்தில் 2006, 2007ஆம் ஆண்டுகளில் பல்லாயிரம் சாதாரண மக்கள் அந்த வரியை வாசித்தார்கள், கேள்வி கேட்டார்கள், பணத்தைத் திரும்பவும் பெற்றார்கள். எமது உறவுகள் பலர் அந்த நாட்டில் வாழ்கிறார்கள் என்பதற்காக மட்டும் இதை நாம் எழுதவில்லை. 2009க்குப் பின் ஊர் திரும்பிய குடும்பங்கள் பலவற்றுக்கு உதவிப் பணம் வங்கி வழியாகவே வந்தது. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் காசும் அவ்வழியே வருகிறது. வங்கிக் கணக்கு இன்று எமது வீட்டு விடயம்.

அங்கே நடந்தது இதுதான். கணக்கில் போதிய பணம் இல்லாதபோது காசோலை ஒன்று திரும்பினாலோ, மாதக் கட்டளை ஒன்று நிறைவேறாமல் போனாலோ, அனுமதியின்றி மேலதிகப்பற்று ஏற்பட்டாலோ வங்கி கட்டணம் அறவிடும். அது ஒரு தடவைக்கு 30 பவுணைத் தாண்டும். சில வங்கிகளில் 39 பவுண் வரை போகும். பற்றாக்குறை ஒரு சில பவுணாக இருந்தாலும் கட்டணம் குறையாது. சம்பளம் ஒரு நாள் பிந்தினாலே போதும். அறவிட்ட கட்டணமே கணக்கை மேலும் கீழே தள்ளும். அதனால் அடுத்த கட்டளையும் திரும்பும். அதற்கும் ஒரு கட்டணம் வரும்.

2006 ஏப்ரலில் நியாய வணிக அலுவலகம் என்ற அரச அமைப்பு, கடனட்டைத் தவணை தவறியோரிடம் 12 பவுணுக்கு மேல் அறவிடுவது நியாயமற்றது எனத் தான் கருதப்போவதாக அறிவித்தது. கடனட்டைக்கு ஒரு நியாயம், கணக்குக்கு வேறொரு நியாயமா என்று மக்கள் கேட்டார்கள்.

அவர்கள் கையாண்ட வழி எளியது. முதலில் பழைய கணக்கறிக்கைகளைத் திரட்டினார்கள். தொலைத்துவிட்டவர்கள், தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 10 பவுணுக்கு மேற்படாத கட்டணம் செலுத்தி வங்கியிடமே பிரதி கேட்டார்கள். ஆறு ஆண்டுகளுக்குள் அறவிட்ட கட்டணங்களை ஒரு கடதாசியில் வரிசையாக எழுதிக் கூட்டினார்கள். திருப்பித் தரும்படி வங்கிக்குக் கடிதம் எழுதினார்கள். மறுத்தால், வழக்கிடப் போவதாக இன்னொரு கடிதம். அதற்கும் பலனில்லையென்றால் மாவட்ட நீதிமன்றில் சிறு கோரிக்கை வழக்கு. அன்று 5,000 பவுண் வரையான வழக்குகள் இம்முறையில் விசாரிக்கப்பட்டன. சட்டத்தரணி தேவையில்லை. தோற்றாலும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் செலவு பொதுவாக வழக்காளியின் தலையில் விழாது. இந்த ஒரு விதியே ஏழைக்குத் துணிவு கொடுத்தது.

வங்கிகள் பெரும்பாலும் விசாரணை நாளுக்கு முன்பே பணத்தைக் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டன. தவறு என்று ஒப்புக்கொள்ளவில்லை. சில நூறு பவுண் வழக்குக்குச் சட்டத்தரணியை அனுப்புவதைவிடப் பணத்தைக் கொடுப்பது இலாபம். அதோடு, ஒரு நீதிபதி எதிராகத் தீர்ப்பளித்துவிட்டால் அது எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆயினும் விசாரணைக்குப் போனவர்கள் எல்லோரும் வெல்லவில்லை. 2007 மே மாதத்தில் பேர்மிங்ஹாமில் ஒரு வழக்கில் வங்கியே வென்றது.

பின்னர் கதை திரும்பியது. 2007 யூலையில் நியாய வணிக அலுவலகமும் எட்டுப் பெரிய நிதி நிறுவனங்களும் இக்கேள்வியை ஒரே பரீட்சார்த்த வழக்காக உயர் நீதிமன்றுக்குக் கொண்டுபோயின. அது முடியும்வரை மற்றக் கோரிக்கைகள் பெரும்பாலும் நிறுத்திவைக்கப்பட்டன. 2008 ஏப்ரலிலும், மேன்முறையீட்டில் 2009 பெப்ரவரியிலும், கட்டணங்களின் நியாயத்தைப் பரிசீலிக்கலாம் என்றே தீர்ப்பாயிற்று. ஆனால் 2009 நவம்பர் 25ஆம் திகதி உச்ச நீதிமன்றம் அதனை மாற்றியது. இக்கட்டணம் வங்கிச் சேவைக்கான விலையின் ஒரு பகுதி. விலை கூடுதலா குறைவா என்று அந்த ஒழுங்குவிதியின் கீழ் ஆராய முடியாது என்றது. கட்டணம் நியாயமானது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. இந்த வழியால் கேட்க முடியாது என்றே சொன்னது. முன்பே கேட்டவர்கள் பணத்தோடு வீடு போயிருந்தார்கள். காத்திருந்தவர்களுக்குக் கதவு மூடப்பட்டது.

இதில் எமது மனதை உறுத்துவது வேறொன்று. அங்கே கணக்கில் பணம் உள்ளவர்களுக்கு வங்கிச் சேவை இலவசம். அந்த இலவசத்தின் செலவில் கணிசமான பங்கைச் சுமந்தவர்கள் பணம் போதாதவர்களே. வாய்க்காலின் கடைசி வயற்காரர், தண்ணீர் வந்து சேராத குற்றத்துக்காக முதல் வயற்காரரின் தண்ணீர் வரியையும் கட்டுவது போன்றது இது. இதனை நாம் விலை என்று ஏற்க மாட்டோம்.

இறுதியில் இந்த அநீதியைக் குறைத்தது வழக்கல்ல, விதி. 2020 ஏப்ரலில் அந்நாட்டு நிதி ஒழுங்காற்று அமைப்பு மேலதிகப்பற்றுக்கான நிலையான கட்டணங்களைத் தடை செய்தது. அனுமதி பெறாததற்கு, அனுமதி பெற்றதைவிடக் கூடுதலாக அறவிடக் கூடாது என்றது. கட்டளை திரும்பினால் அறவிடும் தொகை உண்மையான செலவுக்குப் பொருந்த வேண்டும் என்றது. ஆயிரமாயிரம் பேர் முன்னர் கடிதம் எழுதியிராவிட்டால் இந்தக் கேள்வி இவ்வளவு தூரம் போயிருக்குமா?

அந்த நாட்டுச் சட்டம் இங்கே செல்லாது. ஆனால் அவர்களின் பழக்கம் இங்கும் செல்லும். புத்தகத்தைப் பதிவித்த உடனே வரி வரியாக வாசிப்போம். கண் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துச் சொல்லட்டும். விளங்காத கழிவு இருந்தால் அன்றே கேட்போம். வாயால் அல்ல, திகதியிட்ட கடிதத்தால் கேட்டு, ஒரு பிரதியை வைத்துக்கொள்வோம். இடம்பெயர்வில் கடதாசிகளை இழந்த நாம், எம்மிடம் ஆதாரம் இல்லையென்று தலைகுனிந்து நிற்கிறோம். வங்கியிடமும் பதிவு உண்டு, அதைக் கேட்கலாம். வங்கி தரும் பதில் திருப்தியில்லையென்றால், இலங்கையில் 2003 முதல் நிதி ஒம்புட்ஸ்மன் ஏற்பாடு இருக்கிறது. மத்திய வங்கியும் 2023இல் நிதி நுகர்வோர் பாதுகாப்புக்கென ஒழுங்குவிதிகளை வெளியிட்டுள்ளது.

தனியே போகத் தயங்குபவர்கள் மாதர் சங்கத்திலோ கமக்காரர் அமைப்பிலோ புத்தகங்களை ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். ஒரே கழிவு பத்துப் புத்தகங்களில் இருந்தால், அது ஒருவரின் முறைப்பாடு அல்ல, ஊரின் கேள்வி. எல்லாக் கேள்விக்கும் பணம் திரும்பி வராது. ஆனால் கேட்காத எவருக்கும் அது திரும்பி வந்ததில்லை.