சோற்றுப்பானையின் மீது வீண்பழி

வெள்ளவத்தைச் சிறுவரின் ஸ்தூல சரீரத்துக்கு வீட்டுச் சோறும் தேங்காய்ப்பாலுமே காரணமென்று தீர்ப்புரைக்கும் நண்பர், அதே சோற்றையும் சொதியையும் உண்டு மெலிந்தே வாழ்ந்த அவர்தம் பாட்டன்மாரை எக்கணக்கில் சேர்ப்பார்? பாடசாலை விட்டு ரியூசனுக்கு ஓடும் இடைவேளையில், காலி வீதிக் கடையொன்றில் எண்ணெய் கசியும் ரோல்ஸ் இரண்டும் சிவப்பு வட்டமிட்ட சோடாப் போத்தலொன்றும் வயிற்றுள் இறங்கிய பின்னர், இரவு பத்து மணிக்குக் கொத்துரொட்டிப் பொட்டலமும் வந்து சேர்வதை அவர் கண்டிலர் போலும். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்ட சீனியுள்ள பானத்துக்குச் சிவப்பு அடையாளமென 2016இல் இலங்கை அரசாங்கம் விதித்ததும், மறு வருஷமே அச்சீனிக்கு வரி விதித்ததும் சோற்றுக்கு அஞ்சியல்ல. சோற்றை மலையாகக் குவிப்பதும் தவறுதான், அதை மறுக்கவில்லை. ஆயினும் பெற்றோரே, பானையைப் பழிக்குமுன், ரியூசனுக்குப் போகும் பிள்ளையின் பையில் தண்ணீரும் அவித்த கடலையும் வைத்தனுப்புங்கள்.