காசு கொடுத்து வாங்கிய மைக்கூடு

போன மாதம் எதிர்வீட்டு மாமி குடும்ப ஓய்வூதிய விண்ணப்பத்தை அச்செடுக்க ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமா காலமாகி இருபது நாள்தான் ஆகியிருந்தது. அன்று பார்த்துப் பிரிண்டர் அடம்பிடித்தது. இந்தக் கார்ட்ரிட்ஜை ஏற்க முடியாது என்று செய்தி காட்டியது. அது அதே கம்பெனியின் கார்ட்ரிட்ஜ்தான். தெப்பக்குளம் அருகே ஒரு கடையில் மை மட்டும் நிரப்பியிருந்தேன். மாமி வெயிலில் ஜெராக்ஸ் கடை தேடிப் போனார்.

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் மை தீர்ந்தால் மைக்கூட்டில் மை ஊற்றுவோம். கூட்டைத் தூக்கி எறிய மாட்டோம். அலுவலகத்தில் ஒரே ஸ்டாம்ப் பேடுக்கு மை விட்டே பல வருஷம் ஓட்டினேன்.

இப்போது பிரிண்டரை மலிவாகக் கொடுத்து மையில் லாபம் பார்க்கிறார்கள். மீண்டும் நிரப்பாமலிருக்கக் கார்ட்ரிட்ஜில் சிப் வைக்கிறார்கள். விற்றுவிட்ட கார்ட்ரிட்ஜின் மேல் கம்பெனி காப்புரிமை கொண்டாட முடியாது என்று லெக்ஸ்மார்க் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. சிப் தீர்ப்பைப் படிப்பதில்லையே!

ரீஃபிலிலும் குறை உண்டு. மட்டமான மை துவாரத்தை அடைக்கும். முழுக்க வற்றவிடாமல், எழுத்து மங்கும்போதே நிரப்புங்கள். வாரம் ஒரு பக்கமாவது அச்செடுங்கள். புதிதாக வாங்குவோர் மை ஊற்றும் டேங்க் உள்ளதாகப் பாருங்கள். விலை கூடுதல், மைச் செலவு குறைவு.

கஞ்சத்தனம் என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். என் மைக்கூட்டில் மை ஊற்ற நான் எவரிடம் அனுமதி கேட்க வேண்டும்?