கோபுரங்களும் கிணறும்

மேனாட்டு யாத்திரை சென்று மீண்டோர் வியந்து பேசும் ஊர்களுள் ஒன்று ஸான் ஜிமிக்னானோ. இத்தாலி தேசத்து டஸ்கனி நாட்டில், பிளாரன்ஸ் நகருக்குத் தென்மேற்கே, கடல்மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 324 மீட்டர் உயர்ந்த குன்றின்மீது மதில் சூழ நிற்பது இச்சிற்றூர். தொலைவிலேயே தோன்றும் அதன் கற்கோபுரங்களைக் கண்டு மகிழ்வதோடு பலரும் அமைகின்றனர். அவை எழுந்த காரணத்தையும் ஆராய்தல் வேண்டும் என்பதே எமது கருத்து.

மொதேனா நகரத்து அத்தியட்சராயிருந்த புனித ஜெமினியானுவின் பெயரைப் பூண்டது இவ்வூர். உரோமாபுரிக்குச் செல்லும் யாத்திரிகர் நடந்த பிரான்சிஜெனா என்னும் பெருவழி இதனூடே சென்றது. வழிப்போக்கரால் வாணிகம் செழித்தது. இங்கு விளைந்த குங்குமப்பூ பிறநாடுகளிலும் விலைபோயிற்று. 1199ஆம் ஆண்டில் வோல்தேரா அத்தியட்சரின் ஆட்சியினின்று நீங்கி, இவ்வூர் தன்னைத் தானே ஆளத் தொடங்கிற்று.

செல்வம் வந்தது, செருக்கும் உடன் வந்தது. செல்வக் குடியினர் தத்தம் மனையை ஒட்டிக் கோபுரம் எழுப்பினர். அவை தேவாலயக் கோபுரங்கள் அல்ல. குடிப்பெருமையைக் காட்டவும், பகைவர் வந்துழி ஒதுங்கவும் எழுந்தவை. சாளரம் சில, உள்ளிடமோ குறுகியது. இத்தகையன 72 இருந்தன என்பர். அயலான் கோபுரத்தினும் தன் கோபுரம் உயர்தல் வேண்டும் என்னும் போட்டி முற்றவே, ஊர்த்தலைவர் மாளிகைக் கோபுரமாகிய ரொஞோஸாவினும் உயரமாக எவரும் கட்டலாகாது என 1255இல் விதி வகுத்தனர். ஆயினும் அர்திங்கெல்லி, ஸால்வூச்சி என்னும் இரு குடியினரின் பகை தணிந்திலது. 1300இல் பிளாரன்ஸ் நகரத் தூதராக இங்கு வந்த மகாகவி தாந்தே, தம் கட்சியைச் சார்ந்த ஊர்கள் ஒன்றுபடல் வேண்டுமென மன்றத்தில் வேண்டினார். ஊரினுள்ளோ ஒற்றுமை நிலைபெறவில்லை. 1348இல் கொள்ளைநோய் மிகப் பலரை வாரிக்கொண்டது. 1353இல் எஞ்சியோர் தம் ஊரைப் பிளாரன்ஸின் ஆட்சிக்கு ஒப்புவித்தனர். ஒன்றரை நூற்றாண்டு போற்றிய சுதந்தரம் ஒழிந்தது.

‘அச்செருக்கு இல்லையேல் இவ்வழகும் இல்லையன்றோ?’ என வினவுவாரும் உளர். இதனை யாம் ஒப்போம். கட்டினோர் நாடியது அழகன்று, அயலாரின் தாழ்வே. பின்னாளில் வாணிகம் அகன்று வறுமை சூழ்ந்தமையால், பழையன இடித்துப் புதியன கட்டப் பொருளில்லாதாயிற்று. ஆதலின், செருக்கு எழுப்பியதை வறுமையே காத்தது. இன்று எஞ்சியவை 14. 1990ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இவ்வூரை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

இவ்வூரில் நாம் போற்றத்தக்கவை வேறு சில உள. 1311இல் முடிவுற்ற பெருங்கோபுரம் 54 மீட்டர் உயரமுடையது; அனைத்தினும் உயர்ந்த அது ஒரு குடிக்கன்று, ஊர்மன்றத்திற்கே உரியது. புனித அகுஸ்தீன் ஆலயத்தில் பெனோஸ்ஸோ கொஸ்ஸோலி என்னும் ஓவியர், அப்பெரியாரின் வரலாற்றைப் பதினேழு காட்சிகளாகத் தீட்டியுள்ளார். எழுத்தறியாதாரும் அதனைக் கண்டு உணரலாம். இவற்றினும் எளியது, முக்கோண வடிவான சதுக்கத்தின் நடுவே 1273இல் அமைந்த கிணறு. அதன் கல்விளிம்பில் கயிறு உராய்ந்த தழும்புகள் உள. பகைத்த குடியினரும் அங்கேதான் நீர் மொண்டிருத்தல் வேண்டும்.

பட்டமும் பதவியும் பெற்றுத் தம் பெயரை அயலார் பெயருக்குமேல் உயர்த்துதலே கல்விப் பயன் என்று மாணவராகிய யாமும் மயங்குவதுண்டு. தேர்ச்சிப் பட்டியலில் எம் பெயரைத் தேடுமுன் தோழன் பெயர் எமக்குக் கீழே உளதா என்று பார்த்த கண்கள் எம்முடையவையே. அந்நோக்கம் ஒரு கோபுரத்தின் அடிக்கல் என்பதை இக்குன்றூரின் வரலாறு எமக்கு உணர்த்திற்று. கற்ற கல்வி பிறர் மொண்டுகொள்ளும் கிணறாதல் வேண்டும். அதன் விளிம்பில் தழும்பு விழுமாயின், அதுவே அக்கல்விக்கு அணி.