கேட் பாஸ் இல்லாத மைதானம்

வல்லம் வடகால், ஒரகடம் பக்கம் ஏதாவது ஒரு தொழிற்சாலைக்குள் நீங்கள் போயிருக்கிறீர்களா? வாசலிலேயே ஜாதகத்தைக் கேட்பார்கள். அடையாள அட்டை, போட்டோ, பையில் சோதனை, செல்போன் கேமரா மேல் ஸ்டிக்கர். நீங்கள் பார்க்க வந்தவர் வந்து கூட்டிப் போகும்வரை உட்கார வேண்டும். திரும்பும்போது மறுபடி சோதனை. ஒரு திருகாணிகூடக் கணக்கில்லாமல் வெளியே போய்விடக் கூடாது. தப்பே இல்லை. அவர்கள் பொருள், அவர்கள் கவலை.

அதே வட்டாரத்தில் ஒரு மைதானத்தில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான விளையாட்டு விழா நடந்தது. செலவு ஒரு கம்பெனியுடையது. வேடிக்கை பார்க்கப் போன எனக்கு ஒரு தொப்பியும் டி-ஷர்ட்டும் கொடுத்தார்கள். நான் யார் என்று யாரும் கேட்கவில்லை. டி-ஷர்ட்டை மாட்டியதும் நான் 'வாலன்டியர்' ஆகிவிட்டேன். அரைமணி நேரத்தில் ஒரு டீச்சர் ஓடி வந்தார். "சார், இவனைக் கொஞ்சம் பாத்ரூம் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடறீங்களா? ஜிப் போட வராது" என்று பத்து வயதுப் பையன் ஒருவனின் கையை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பையனுக்குப் பேச்சு வராது.

நான் நல்லவன் என்பதற்கு அந்த டீச்சரிடம் இருந்த ஒரே அத்தாட்சி, நான் போட்டிருந்த ஓசி டி-ஷர்ட்!

டீச்சரைக் குறை சொல்ல மாட்டேன். இருபது குழந்தைகளை ஒருத்தராகக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னொரு டீச்சரைத் தேடிப் பிடித்துக் கூடவே வரச் சொன்னேன். பிறகு அமைப்பாளரிடம் கேட்டேன். வந்த பதில் இது: "சேவை செய்ய வந்தவங்களைப் போய்ச் சந்தேகப்படலாமா சார்? அவங்க மனசு கஷ்டப்படாதா?"

இந்த வாரம் என் சண்டை இந்த ஒரு வாக்கியத்தோடுதான்.

சேவை என்ற வார்த்தையைக் கேட்டதும் நாம் செருப்பைக் கழற்றிவிடுகிறோம். மூளையையும் சேர்த்துக் கழற்றிவிடுகிறோம். மாற்றுத்திறனாளிக் குழந்தையோடு நிற்பவர் எல்லோரும் தெய்வம் என்று நினைத்துக்கொள்கிறோம். தப்பு செய்ய நினைப்பவனுக்கு இதைவிட வசதியான இடம் வேறு எது?

2018 ஜூலையில் சென்னை அயனாவரத்தில் வெளியே வந்த கொடுமையை மறந்திருக்க மாட்டீர்கள். காது கேளாத சிறுமி. செய்தவர்கள் எங்கிருந்தோ வந்த முகமூடிக் கொள்ளையர்கள் அல்ல. அவள் குடியிருந்த அடுக்குமாடியிலேயே காவல் காத்தவர்கள், லிஃப்ட் இயக்கியவர்கள், வேலை பார்த்தவர்கள். 2020 பிப்ரவரியில் 15 பேர் குற்றவாளிகள் என்று கோர்ட் சொன்னது. பல மாதம் யாருக்கும் தெரியாமல் எப்படி நடந்தது? தினமும் பார்க்கிற முகங்களை யாரும் சந்தேகப்படவில்லை. அந்தக் குழந்தை சொல்வதைக் கேட்கும் வழியும் யாருக்கும் தெரியவில்லை.

விளையாட்டு மட்டும் என்ன, புனித பூமியா? சென்னையில் பல காலம் தடகளப் பயிற்சி தந்துவந்த ஒருவர் 2021 மே மாதம் போக்சோவில் கைதானார். பிசியோதெரபி என்ற பெயரில் அத்துமீறினார் என்பது புகார். ஓடவும் கத்தவும் முடிந்த பெண்களே வாய் திறக்கத் தயங்கும் இடம் அது. சக்கர நாற்காலியிலிருந்து தூக்கி இறக்க, உடை மாற்ற, கழிப்பறை போக அடுத்தவர் கையை நம்பியிருக்கும் குழந்தை என்ன செய்யும்? எந்தத் தொடுதல் உதவி, எது அக்கிரமம் என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. போக்சோ சட்டத்தில், குழந்தையின் குறைபாட்டைப் பயன்படுத்திக்கொண்டு செய்யும் குற்றத்துக்குத் தண்டனை கூடுதல். தனக்குக் கீழே வேலை பார்ப்பவன் செய்ததைப் புகார் செய்யாமல் அமுக்கும் நிர்வாகிக்கு ஓராண்டு வரை சிறை. 2020இல் வந்த போக்சோ விதிகள் 'விளையாட்டு அகாடமி' என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. குழந்தைகளோடு பழகும் ஊழியர் ஒவ்வொருவரையும், ஒப்பந்த ஊழியர் உட்பட, போலீஸ் சரிபார்ப்பு செய்தாக வேண்டும். ஒரு தடவை செய்தால் போதாது, அவ்வப்போது செய்ய வேண்டும். எத்தனை பேர் செய்கிறார்கள்? உங்கள் ஊர் அகாடமியில் கேட்டுப் பாருங்கள். விரோதியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள்.

18 வயது தாண்டிவிட்டால் கதை இன்னும் மோசம். 38 வயதுப் பெண். மூளை முடக்குவாதம். மனவயது குழந்தையுடையது. பாலியல் வன்முறைக்கு ஆளானார். மனவயதைக் கணக்கில் எடுத்து வழக்கைப் போக்சோவில் நடத்துங்கள் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். சட்டத்தில் வயது என்றால் பிறந்த தேதிப்படியான வயதுதான் என்று 2017இல் தீர்ப்பு வந்தது. சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் 25 வயது இளைஞனை மைதானத்தில் 'பாப்பா' என்று கொஞ்சுகிறோம். அவன் புகார் சொன்னால் மட்டும் 'அவனுக்கு என்ன தெரியும்' என்கிறோம்.

பெண்களுக்காவது 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஸ்டேடியமும் போட்டி நடக்கும் இடமும்கூட அதன்படி பணியிடம்தான். வளர்ந்த ஆண்களுக்கு அதுவும் இல்லை.

இனி, காசு கொடுக்கும் கம்பெனிகளுக்கு வருகிறேன். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பாராலிம்பிக் விளையாட்டுப் பயிற்சியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் கம்பெனி அறக்கட்டளைக்குக் கொடுக்கும், அறக்கட்டளை தொண்டு நிறுவனத்துக்குக் கொடுக்கும், அது ஈவென்ட் ஆட்களிடம் விடும். கடைசியில் குழந்தையின் கையைப் பிடிப்பவன் யார் என்று காசு கொடுத்தவருக்கே தெரியாது. இந்தக் கைமாற்றல் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் விடுதிச் சாப்பாட்டால் ஆஸ்பத்திரியில் விழுந்தார்கள். அவர்களுடைய தோழிகள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் விடுதியை யார் நடத்துகிறார்கள் என்று ஊர் கேட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. அந்தப் பெண்களுக்குச் சாலையை மறிக்கத் தெரிந்தது. பேச்சு வராத பத்து வயதுப் பையன் எந்தச் சாலையை மறிப்பான்?

"இப்படியெல்லாம் கெடுபிடி செய்தால் உதவ யாரும் வர மாட்டார்கள், விளையாட்டே நின்றுவிடும்" என்பார்கள். நிற்கக் கூடாது. பூட்டி வைத்த வீடும் பாதுகாப்பு கிடையாது. பக்கத்துக் காஞ்சிபுரத்துத் துளசிமதி 2024 பாரிஸ் பாராலிம்பிக் பேட்மிண்டனில் வெள்ளி வாங்கியது மைதானத்துக்கு வந்ததால்தான். மைதானத்தை மூடச் சொல்லவில்லை. வாசலில் ஒரு ஆளைப் போடச் சொல்கிறேன்.

செக் எழுதும் முன் கம்பெனிகள் கேட்க வேண்டியவை நாலே நாலு.

ஒன்று: குழந்தைகளோடு பழகப்போகும் ஒவ்வொருவரின் பெயர், முகவரி, போலீஸ் சரிபார்ப்பு எங்கே?

இரண்டு: கழிப்பறை, உடை மாற்றும் இடம், உடல் பரிசோதனை எதற்கும் ஒற்றை ஆள் தனியாகக் கூட்டிப் போகக் கூடாது. சர்வதேசப் பாரா போட்டிகளில் உடல்திறன் வகைப்படுத்தும் பரிசோதனைக்கு, சிறார் என்றாலும் அறிவுசார் குறைபாடு உள்ளவர் என்றாலும் துணையாள் கட்டாயம். இங்கே மட்டும் ஏன் முடியாது?

மூன்று: சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை இருக்கிறதா? 2015இல் காசியாபாத் தேசியப் பாரா தடகளப் போட்டியில் அது இல்லாமல் வீரர்கள் பட்ட அவமானம் நாடறிந்தது. தானே போய்வர முடிகிற பிள்ளைக்கு அந்நியன் கை தேவைப்படாது. சாய்தளமும் கைப்பிடியும்கூடப் பாதுகாப்புதான்.

நான்கு: புகாரை யாரிடம், எப்படிச் சொல்வது? 1098 என்று பேனரில் போட்டால் போதாது. சைகை தெரிந்த ஒருவர், படம் காட்டிக் கேட்கத் தெரிந்த ஒருவர் மைதானத்தில் இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஆகும் செலவு, அன்று மேடைக்குப் போட்ட பந்தல் செலவைவிடக் குறைவு.

அடுத்த விழாவுக்கும் போவேன். என்னையும் வாசலில் நிறுத்திக் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன். ஒருவேளை கோபித்துக்கொண்டால், அப்போதே என்னைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.